ஒரு மனிதரைப் பேயாக்கினேன்

சிங்கப்பூரின் மார்சிலிங் சுரங்கத்தில் தண்ணீர் கேட்டு அலையும் தமிழ்க் கூலியின் பேய்க்கதையை உண்டாக்கியவன் நான். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. "எனக்கு வேண்டிய ஒருவர் கண்ணால் பார்த்தது" என்று அடித்துச் சொல்லி, பிள்ளைகள் முன்னால் நானே கட்டிவிட்ட கதை அது. ஆனால் கதையில் வரும் கூலி கற்பனை இல்லை. அவர் ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய மனிதர். அவருடைய மகள் எங்கள் பக்கத்துப் புளோக்கில் குடியிருந்தவர். தன் தகப்பனைப் பற்றி அவர் என்னை நம்பிச் சொன்னதை எடுத்து, நாலு பிள்ளைகள் அலறுவதற்காக அந்தத் தகப்பனைப் பேயாக்கினேன். நான் செய்ததிலேயே இழிவான காரியம் இதுதான். அந்தக் கதை என் கையை விட்டுப் போய் இன்னும் பலர் வாயில் உலவுவதால், உண்மையை எழுத்தில் வைக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பேய்க்கதை மேல் எனக்கு ஆசை பிறந்தது ஜப்பானியக் கதைகளால். லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர் 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, 1890இல் ஜப்பானுக்குப் போய், அங்கேயே மணம் முடித்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டவர். 1904இல் அவர் வெளியிட்ட 'குவைதான்' என்ற தொகுப்பு இளம் வயதில் என் கைக்குக் கிடைத்தது. மூச்சுக் காற்றாலேயே ஆளை உறைய வைக்கும் பனிப்பெண், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாத உருவம், இரவில் உடலை விட்டுக் கழன்று பறக்கும் தலைகள். படித்து முடித்தபோது யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. அப்படித்தான் பள்ளி விடுமுறை மாலைகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லத் தொடங்கினேன்.

பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஜப்பானியர் அஞ்சுவதற்கெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களும் அஞ்சினார்கள். இரவில் நகம் வெட்டாதே என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். ஜப்பானிலும் சொல்வார்கள், வெட்டினால் பெற்றோரின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைக்காது என்று. இரவில் விசில் அடித்தால் பாம்பு வரும் என்பது இரண்டு ஊரிலும் உண்டு. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்பதும் அப்படித்தான். புத்தர் குசிநகரத்தில் வடக்கே தலை வைத்துப் பரிநிர்வாணம் அடைந்ததால் ஜப்பானில் இறந்தவரை அப்படிக் கிடத்துவார்கள். ஆகவே உயிரோடு இருப்பவர் அப்படிப் படுப்பதில்லை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது பிணத்துக்குப் படைக்கும் முறை என்பதால், சாப்பாட்டு மேசையில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். நான்கு என்ற எண்ணும் சாவும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி என்பதால், அந்த எண்ணைத் தவிர்ப்பார்கள். இதையெல்லாம் அடுக்கிச் சொல்லச் சொல்லப் பிள்ளைகளின் கண்கள் விரியும்.

மழை பிடித்த மாலையொன்றில் இடி இடித்தது. ஒரு சிறுமி தன் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி "அர்ஜுனா, அர்ஜுனா" என்று முணுமுணுத்தாள். ஜப்பானில் இதே நேரத்தில் "குவாபரா, குவாபரா" என்பார்கள் என்று நான் சொன்னேன். சுகவாரா நோ மிச்சிசானே என்று ஒரு மந்திரி இருந்தார். பெரும் புலவர். எதிரிகளின் கோள் பேச்சால் 901இல் தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டு, 903இல் மனம் உடைந்து இறந்தார். பிறகு அவருக்குக் கேடு செய்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். 930இல் அரண்மனை மேலேயே இடி விழுந்தது. மிச்சிசானே இடியாகத் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் நடுங்கியது. அவருக்குச் சொந்தமான குவாபரா என்ற இடத்தில் மட்டும் இடி விழவே இல்லையாம். அதனால்தான் ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தப்பப் பார்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நம்மவர்கள் இந்திரன் மகன் பெயரைச் சொல்லித் தப்பப் பார்ப்பது போலத்தான். அன்று நான் கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பின்னால் இருந்ததைச் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய விடுதல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஜப்பான் கதை தீர்ந்ததும் உள்ளூர்க் கதை கேட்டார்கள். மார்சிலிங்கில் அதற்குப் பஞ்சமில்லை. போருக்கு முன்னால் பிரிட்டிஷார் மண்ணுக்கடியில் கட்டிய எரிபொருள் கிடங்கு இங்கே காட்டுக்குள் கிடக்கிறது. ஜப்பானியர் தோண்டிய சுரங்கம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. தலையில்லாத ஜப்பானியச் சிப்பாய் ஒருவரை அங்கே நடக்க விட்டேன். பூட்ஸ் சத்தம் வைத்தேன். ஆவிகள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் வந்தால் அவர் ஜொகூர்க் கடற்பாலம் வரை போய்த் திரும்புவார் என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது கிடைத்த பெருமிதம் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது.

'அர்ஜுனா' என்று முணுமுணுத்த சிறுமியின் பாட்டி சில மாலைகளில் ஓரமாக வந்து உட்காருவார். பேத்தியைக் கூட்டிப் போக வருகிறவர். ஒரு நாள், மற்றவர்கள் போன பிறகு, "ஜப்பான்காரன் கதையெல்லாம் சொல்றியே தம்பி, எங்க கதை ஒண்ணு இருக்கு, கேக்கிறியா?" என்றார். கேட்டேன்.

1943ஆம் ஆண்டு. அவருக்கு நாலைந்து வயது இருக்கும். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித் தோட்டத்தில் ஜப்பானியர் ஆள் எடுத்தார்கள். அப்பாவை லாரியில் ஏற்றிய நாள் அவருக்கு நினைவிருந்தது. அப்பா கையில் ஒரு தூக்குச் சட்டியும் ஒரு போர்வையும் இருந்தன. மூன்று மாதம் போனது. போர் முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களிடம் அம்மா ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். ஒருவர் ஏதோ ஒரு முகாமில் அவரைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், காலராவில் கிடந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டவர்களில் அவரும் இருந்த மாதிரி இருந்தது என்றார். உறுதியாகச் சொன்னவர் யாரும் இல்லை. அதனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. சாகும்வரை பொட்டு வைத்துக்கொண்டார். வருடா வருடம் கோயிலில் கணவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். அம்மாவுக்குப் பிறகு, மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த மகள் அதை விடாமல் செய்கிறார். அப்பாவுக்குத் திதி கொடுத்ததே இல்லை.

நான் கலங்கித்தான் போனேன். ஆனால் அந்தக் கலக்கத்துக்கு அடியிலேயே, 'தண்ணீர் தண்ணீர் என்று கேட்டவர்' என்ற சொல்லை என் மனம் தனியே எடுத்து வைத்துக்கொண்டது. பேய்க்கதைக்கு எவ்வளவு பொருத்தமான குரல் என்று தோன்றியது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். தெரியாமல் நடந்ததல்ல. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்தேன்.

அடுத்த விடுமுறையில் அந்தக் கதையைச் சொன்னேன். சயாமில் செத்த தமிழ்க் கூலி ஒருவர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து நடந்து மார்சிலிங் வரை வந்துவிட்டார், சுரங்கத்து இருட்டில் நிற்கிறார், யாராவது போனால் "தண்ணி, தண்ணி" என்று கேட்கிறார், கொடுத்தவன் கையை விடவே மாட்டார். விளக்குகளை அணைத்து, குரலைத் தாழ்த்தி, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிச் சொன்னேன். இதுவரை சொன்னதிலேயே நல்ல கதை என்று பிள்ளைகள் சொன்னார்கள். பாட்டியின் பேத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டாள்.

பாட்டி மறுநாள் என்னைத் தேடி வந்தார். கோபமாக வரவில்லை. உட்காரக்கூட இல்லை. "எங்கம்மா அறுபது வருசம் தாலியக் கழட்டல தம்பி. நான் இன்னும் திதி கொடுக்கல. நீ எப்படிப்பா எங்கப்பாவைச் சாகடிச்ச?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். கதைதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். "நான் பேரு சொல்லலையே பாட்டி" என்றேன்.

"பேரு சொல்லியிருந்தாலாவது தேவலையே. பேரில்லாமத்தானே அத்தனை பேரும் போனாங்க" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கீழ்த்தளத்தில் நான் கதை சொல்லவில்லை. ஜப்பானியக் கதைகளைத் திரும்பப் படித்தேன். முன்பு ருசிக்காகப் படித்தவை, இப்போது குற்றப்பத்திரிகையாக என் முன்னால் நின்றன. மிச்சிசானே கதையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: இடி விழுந்ததோடு கதை முடியவில்லை. நாடு கடத்திய ஆணையை அரசவை ரத்து செய்தது. இறந்து போனவருக்குப் பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தது. கியோத்தோவில் 947இல் கித்தானோ ஆலயம் எழுந்தது. இன்று அவர் கல்வித் தெய்வம். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் அவரை வணங்கிப் போகிறார்கள். அநியாயமாகச் செத்தவர் பேயாக வருகிறார் என்றால், செய்த அநியாயத்தை ஒப்புக்கொள் என்று கேட்டு வருகிறார். ஒப்புக்கொண்டால் அவர் காக்கும் தெய்வமாகிறார். நான் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒப்புக்கொள்ளும் பகுதியை எறிந்துவிட்டேன்.

காதறுந்த ஹோய்ச்சியின் கதையும் அதையே சொல்கிறது. 1185இல் தன்னோஉராக் கடற்போரில் ஹெய்கே குலம் வீழ்ந்து, பலர் கடலில் மூழ்கினார்கள். சிறுவனாக இருந்த பேரரசர் அந்தோக்குவும் மூழ்கினார். பல காலம் கழித்து அந்தக் கரையில் வாழ்ந்த ஹோய்ச்சி என்ற பார்வையற்ற இசைஞனை இரவில் ஒரு குரல் வந்து அழைத்துப் போகிறது. பெரிய சபை முன்னால் அந்தப் போரைப் பாடச் சொல்கிறார்கள். அவன் பாடுகிறான், சபை வாய்விட்டு அழுகிறது. அழுதவர்கள் போரில் செத்தவர்களே. பயமுறுத்தும் கதை என்றுதான் இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். தாங்கள் செத்த விதத்தை ஒருவன் உள்ளபடி பாடியதைக் கேட்டு அவர்கள் அழுதார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கணவன் கையாலே வஞ்சிக்கப்பட்டு விஷத்தால் முகம் அழிந்து செத்த ஓய்வாவின் கதை 1825இல் கபுக்கி நாடகமாக வந்தது. அதை மேடையேற்றுகிறவர்கள் இன்றும் முதலில் அவள் நினைவிடத்துக்குப் போய்க் கும்பிட்டு அனுமதி கேட்கிறார்கள். நான் யாரிடம் அனுமதி கேட்டேன்?

இதற்கு ஜப்பான் வரைக்கும் போயிருக்க வேண்டியதும் இல்லை. நம் நாட்டார் தெய்வங்கள் பலரும் வெட்டுண்டவர்கள், எரிந்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன், மாடு மீட்கப் போய் வெட்டுப்பட்ட முத்துப்பட்டன். முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்துத் தந்திருக்கிறார். தென்மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்காரர் பிறப்பிலிருந்து சாவு வரை முழுக்கதையையும் பாடுவார்; யார் பெற்றது, யார் கொன்றது என்று பெயர் சொல்லிப் பாடுவார். கேட்கிறவர்கள் அழுவார்கள், சாமி வரும், படையல் நடக்கும். எங்கள் மார்சிலிங்கிலேயே ஏழாம் மாதத்தில் சீனர்கள் புளோக் ஓரத்தில் ஊதுவத்தி கொளுத்திச் சோறு படைக்கிறார்கள். கெத்தாய் என்னும் பாட்டு மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளைச் செத்தவர்களுக்கென்று காலியாக விடுகிறார்கள். வீட்டைச் சுற்றி இத்தனையும் நடந்துகொண்டிருக்க, செத்தவர்களை வைத்து வேடிக்கை காட்டியவன் நான் ஒருவன்தான்.

பாட்டியின் அப்பா போன பாதை 415 கிலோமீட்டர். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குப் பட்டியல் உண்டு, சயாமின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இழுத்துப் போன ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு செத்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்குப் பட்டியல் இல்லை. செத்த இடத்தில் குழி வெட்டித் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள். 1944இல் ஜப்பானியப் படையே காஞ்சனபுரியில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், இறந்தவர்களின் ஆவியைச் சாந்தப்படுத்த ஒரு தூண் எழுப்பியது. அதில் தமிழிலும் எழுதி வைத்தார்கள். சாகும்வரை வேலை வாங்கியவர்களுக்கே அந்தச் சாவுகளைக் கண்டு அச்சம் வந்திருக்கிறது. தமிழர்கள் முயற்சியில் அங்கே நடுகல் நட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் தலையை வெட்டி நடக்க விட்ட ஜப்பானியச் சிப்பாய்க்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 1942 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, எங்கள் வீடுகளிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கிராஞ்சி ஆற்று முகத்தில் ஜப்பானிய அரச காவல் படைப்பிரிவு கரையிறங்கியது. ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்து நின்றார்கள். உட்லண்ட்ஸ் கிடங்குகளில் இருந்த எண்ணெய் நீரில் திறந்துவிடப்பட்டுத் தீப்பிடித்தது. படகுகளில் வந்த சிப்பாய்கள் உயிரோடு எரிந்தார்கள். தலை இருந்ததா இல்லையா என்று கதை கட்டத் தேவையே இல்லாத பயங்கரம் இங்கே உண்மையாக நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் பொய்ப் பூட்ஸ் சத்தத்தைச் சொன்னேன். அருகிலேயே கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு அங்கே தனி நினைவுச் சின்னம் உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பிள்ளைகளை அங்கே ஒரு முறைகூட நான் அழைத்துப் போனதில்லை.

ஹவ்காங்கில் ஜப்பானியர் இடுகாட்டுப் பூங்கா இருக்கிறது. 1891இல் தொடங்கியது, 910 கல்லறைக் கற்கள். வறுமையால் கியூஷு கிராமங்களிலிருந்து விற்கப்பட்டு, சிங்கப்பூர் மலாய் தெரு வீடுகளில் உடல் தேய்ந்து, இருபது வயதில் செத்த பெண்கள் பலர் அங்கே கிடக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள். சிலவற்றில் எழுத்தே இல்லை. பாட்டியின் சொல் காதில் இருந்ததால்தான் அங்கே போனேன். ஜப்பானியப் பேய் என்று வாய் ஓயாமல் பேசியவனுக்கு, ஜப்பானியர் தம் பேய்க்கதைகளில் ஏன் இப்படி வருந்துகிறார்கள் என்பது அந்தக் கற்களுக்கு நடுவில்தான் புரிந்தது. கேட்க ஆளில்லாமல் செத்தவர்களுக்கு அவர்கள் மொழியில் 'முயென்போதோக்கே' என்று பெயர், உறவற்றுப் போன ஆவிகள் என்று பொருள். ஓபோன் நாட்களில் தம் முன்னோர்களுக்குப் படைக்கும்போது இவர்களுக்கும் ஒரு பங்கு வைக்கும் குடும்பங்கள் உண்டு.

பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் கூடாது. "எங்கிட்டச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளைங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அப்பாவின் பெயரையும் தம் பெயரையும் எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மார்சிலிங் ரைஸில் உள்ள ஸ்ரீ சிவகிருஷ்ணா ஆலயத்தில் அர்ச்சனை நடக்கும்போது அந்தப் பெயர் சொல்லப்படுகிறது, அது போதும் என்றார். ஆகையால் எழுதவில்லை. கைக்கு எட்டிய பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டேன். பலர் வளர்ந்து, வீடு மாறி, எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களில் சிலர் அந்தக் கதையைத் தம்பி தங்கைகளுக்கும் பள்ளி நண்பர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விதைத்தது என் காலத்தில் முழுதாக அழியாது.

எனவே எல்லோருக்குமாக இதைச் சொல்கிறேன். மார்சிலிங் சுரங்கத்தில் தண்ணீர் கேட்கும் தமிழ்க் கூலி என்று யாராவது சொன்னால், அது ஒருவர் கட்டிய பொய் என்று சொல்லுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஆயிரமாயிரம் பேர் இருந்தது உண்மை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அப்படிப் போன ஒருவர் இருந்தால், அவர் பெயர், ஊர், தோட்டம், லாரி ஏறிய மாதம் என்று தெரிந்த மட்டும் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது அவர்கள் சொல்வதை மட்டும் கேளுங்கள். அதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்காதீர்கள். நான் அப்படிப் பார்த்தேன். ஒரு மகள் தன் தகப்பனை இரண்டாம் முறை இழந்தார்.